எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறீர்களா? முதல் மடக்குத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ரொம்ப வலிக்குமா?" என்பதுதான். வலிக்கும், ஆனால் அது சில நாள் சமாச்சாரம். அதைவிட நீளமான வேலை ஒன்று காத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கவும் சாப்பிடவும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். முதல் சில மாதங்களுக்கு எடை பார்க்கும் மெஷினைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், எடை எப்படியும் இறங்கும். தண்ணீர் போதுமான அளவு உள்ளே போனதா, புரதம் போனதா, மாத்திரை போனதா என்ற மூன்று கேள்விகளுக்கும் தினமும் ராத்திரி பதில் சொல்ல முடிந்தால், நீங்கள் சரியாகத்தான் தேறி வருகிறீர்கள்.

உணவு அட்டவணை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். இங்கே சொல்லும் வாரக் கணக்கும் உங்கள் சர்ஜன் கொடுத்த தாளும் ஒத்துப்போகவில்லை என்றால், தாளில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

உங்களுக்கு நடப்பது எந்த அறுவை?

இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாயாக மீதியை விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால், ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாமல் இருப்பது சகஜம். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். உணவு, மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமலே போய்விடும்.

எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது முக்கியம். ஸ்லீவ் ஆனவர்களுக்கு நெஞ்செரிச்சல் தொந்தரவு அதிகம் வரும். பைபாஸ் ஆனவர்களுக்குச் சத்துக் குறைபாடு, இனிப்பு ஒத்துக்கொள்ளாமை, இணைப்பு இடத்தில் புண் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல்.

கிளம்பும் முன் வீட்டில் வாங்கி வைக்க

இருமல் சிரப் பாட்டிலோடு வருவது மாதிரியான, 30 மில்லி கொள்ளும் அளவுக் குவளை இரண்டு. குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டி ஒன்று. மாத்திரையைப் பொடிக்க ஏதாவது, ஒரு தெர்மாமீட்டர், மிக்ஸி. புரதப் பொடியை மட்டும் பெரிய டப்பாவாக வாங்கி அடுக்காதீர்கள். அறுவைக்குப் பிறகு பலருக்கு நாக்கின் ருசியும் மூக்குக்குப் பிடித்த வாசனையும் மாறிவிடும். முன்பு ஆசையாகக் குடித்த சாக்லேட் பொடி இப்போது மூடியைத் திறந்ததுமே குமட்டும். சின்னப் பாக்கெட்டுகளாக மூன்று நான்கு ருசி வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பே இல்லாத ஒன்றும் அதில் இருக்கட்டும்.

இரண்டு வாரம் முன்பே குறைந்த கலோரி உணவோ திரவ உணவோ மட்டும் சாப்பிடச் சொல்வார்கள். பட்டினி போடுவதற்காக இல்லை. இரைப்பையின் மேல் படிந்திருக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருந்தால், சர்ஜனுக்குக் கீழே இருப்பது சரியாகத் தெரியாது. இந்த உணவில் கல்லீரல் சுருங்கும். அதனால் "கடைசி விருந்து" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், அறுவைக்குப் பிறகு எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். சாப்பாடு திடீரென்று குறைவதாலும் குடல் ஹார்மோன்கள் மாறுவதாலும் ரத்தச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். பழைய அளவையே போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். சிறுநீரை அதிகம் போகவைக்கும் வகை மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இனி நீங்கள் குடிக்கப்போகும் தண்ணீரே கொஞ்சம்தான்.

மருத்துவமனையில் இருக்கும் நாட்கள்

பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பி முறைதான். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள். ஒன்றிலிருந்து மூன்று நாளில் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள்.

கண் விழித்ததும் பலரைக் குழப்புவது தோள்பட்டை வலி. வயிற்றில்தானே கை வைத்தார்கள், தோள் ஏன் வலிக்கிறது என்று பயம் வரும். உள்ளே பார்க்க வசதியாக வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதி வைத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் வாயு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அதற்குப் போகும் நரம்பு தோளுக்கும் தொடர்புடையது என்பதால் வலி அங்கே தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நடந்தால் சீக்கிரம் அடங்கும்.

நடப்பது அன்றே தொடங்கும். டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்தபடி வராந்தாவில் நாலு தப்படி. நர்ஸ் வந்து எழுப்பும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுந்துவிடுங்கள். படுத்தே கிடந்தால் காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து உண்டு. காலை இறுக்கும் காலுறையும், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் சின்ன ஊசியும் அதற்காகத்தான். சிலருக்கு அந்த ஊசியை வீட்டிலும் சில வாரம் தொடரச் சொல்வார்கள். பந்து மேலே எழும்பும் மூச்சுப் பயிற்சிக் கருவியும் தருவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது.

முதல் இரண்டு வாரம்: தண்ணீர்தான் முழுநேர வேலை

டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வருவதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று உடலில் நீர் வற்றிப்போவது. கேட்டால் அற்பமாகத் தெரியும். தாகம் எடுத்தால் மனிதன் குடிக்க மாட்டானா? குடிக்க முடியாது, அதுதான் பிரச்சினை. ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடிக்கும் வயிறு இப்போது இல்லை. உள்ளே வீங்கியிருக்கும் குழாயில் இரண்டு மடக்கு சேர்ந்து போனாலே மார்புக் குழியில் கல் மாட்டியதுபோல இறுக்கும்.

இதற்கு வழி அந்த 30 மில்லிக் குவளைதான். ஒரு குவளையை ஐந்தாறு சின்ன உறிஞ்சலாகப் பிரித்து, கால் மணி நேரத்தில் முடியுங்கள். அப்புறம் அடுத்தது. மணிக்கு நாலு குவளை என்றால் 120 மில்லி. விழித்திருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சேர்ந்துவிடும். நாளுக்குக் குறைந்தது அந்த ஒன்றரை லிட்டர்தான் இலக்கு. முதல் இரண்டு நாளில் எட்டவில்லை என்றால் பதற வேண்டாம், ஆனால் தினமும் கூட வேண்டும். மொபைலில் அலாரம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு குவளையை நிரப்பி வைத்து, ஒன்று காலியானால் மற்றதைக் கையில் எடுப்பவர்களும் உண்டு. எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அது.

குளிர்ந்த தண்ணீர் சிலருக்கு இறங்காது, வெதுவெதுப்பாக இறங்கும், சிலருக்கு நேர்மாறு. ஸ்ட்ரா வேண்டாம் என்று பலர் சொல்வதற்குக் காரணம், காற்றும் கூடவே உள்ளே போகும் என்பது. கேஸ் அடைத்த பானங்கள் கூடவே கூடாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்த்தியாகிக்கொண்டே போனால் தண்ணீர் போதவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுவதும் அதே செய்திதான்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும். வடிகட்டிய சூப், தண்ணீர், சர்க்கரை இல்லாத பானம். அப்புறம் பால், மோர், புரதப் பொடி கலந்தது, கட்டியில்லாத கெட்டித் திரவங்கள். முன்பு பால் ஒத்துக்கொண்ட சிலருக்கு இப்போது வயிறு உப்பி, பேதியாகும். லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறிப் பாருங்கள். மலச்சிக்கலும் இந்த நாட்களில் சாதாரணம். உள்ளே போவதே கொஞ்சம், வலி மாத்திரைகளும் குடலை மந்தமாக்கும். முக்கி அவஸ்தைப்படாமல் இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

உடனே கூப்பிட வேண்டிய அறிகுறிகள்

இந்தப் பகுதியை வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

உள்ளே இரைப்பையைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது அபூர்வம்தான், ஆனால் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் நிற்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயிற்று வலி கூடுவது, மூச்சு வாங்குவது, "ஏதோ சரியில்லை" என்ற இனம்புரியாத படபடப்பு. இவற்றில் நாடித்துடிப்பைத்தான் நான் முதலில் வைப்பேன். வயிறு கல்லாக இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பருமனான உடலில் அந்த அறிகுறி தெரியாமலே போகலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது, திடீரென்று நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறுவது: இவை ரத்தக் கட்டியின் அறிகுறிகள். கறுப்பாகத் தார் மாதிரி மலம் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். துளை போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தாலும் காட்டிவிடுங்கள். குடிக்கும் தண்ணீரையும் சேர்த்து நாள் முழுக்க வாந்தி எடுத்தால், மறுநாள் பார்ப்போம் என்று தள்ளிப்போடவே கூடாது. ஏன் என்பதை மாத்திரைப் பகுதியில் சொல்கிறேன்.

"ராத்திரி நேரத்தில் டாக்டரைத் தொந்தரவு செய்வதா" என்ற கூச்சத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தொந்தரவு செய்யுங்கள்.

மூன்றாவது வாரம்: முதல் கரண்டி

ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் மசித்த உணவுக்கு அனுமதி கிடைக்கும். மிக்ஸியில் அடித்த பருப்பு, தயிர், நன்றாகக் குழைத்த முட்டை, மசித்த மீன். குழந்தைக் கரண்டியில் பாதி எடுத்து வாயில் வைத்து, நாக்காலேயே கூழாக்கி விழுங்குங்கள். கரண்டியைத் தட்டில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து அடுத்த பாதி.

வயிறு நிறைந்ததைச் சொல்லும் விதம் இப்போது மாறியிருக்கும். "போதும்" என்ற பழைய கனம் வராது. ஒரு விக்கல், காரமே சாப்பிடாமல் மூக்கில் நீர் ஒழுகுவது, ஒரு பெருமூச்சு, நெஞ்செலும்புக்குக் கீழே லேசான இறுக்கம் என்று ஆளுக்கு ஒரு விதமாக வரும். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். கண்டுபிடித்துவிட்டால், அது வந்த கணத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். வாயில் இருப்பதைத் துப்பினாலும் தப்பில்லை. இன்னும் அரைக் கரண்டிதானே என்று விழுங்கினால், வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறி, பத்து நிமிடம் கழிவறை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

தட்டில் எப்போதும் புரதத்தையே முதலில் சாப்பிடுங்கள். நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்பது பொதுவான இலக்கு. எடை வேகமாக இறங்கும்போது புரதம் போதவில்லை என்றால் உடல் தசையையும் சேர்த்துக் கரைக்கும். ஆரம்பத்தில் இதை உணவிலேயே எட்ட முடியாது, பொடி வேண்டியிருக்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கும் பழக்கத்துக்கு விடை கொடுக்க வேண்டும். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே நிறுத்தி, முடித்த அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி. சின்னப் பையில் இரண்டுக்கும் இடமில்லை; தண்ணீர் உணவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டால் சீக்கிரமே மறுபடி பசிக்கவும் செய்யும். நிறையப் பேருக்குப் பிடிபட மாதக்கணக்கில் ஆகும் பழக்கம் இதுதான்.

ஒன்றிரண்டு வாரம் மசித்தது, அப்புறம் முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் மென்மையான உணவு, இரண்டு மாத வாக்கில் வழக்கமான உணவு. புதியதை ஒரு வேளைக்கு ஒன்றாக மட்டும் சேருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று தெரிய வேண்டுமே. கெட்டியான ரொட்டி, ஒட்டிக்கொள்ளும் சோறு, நாரான இறைச்சி ஆகியவை கடைசிவரை சண்டித்தனம் செய்யும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்லுங்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். வேலை இடத்தில் சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

இனிப்பு சாப்பிட்டால் படபடக்கிறதா?

இதற்கு டம்ப்பிங் என்று பெயர், பைபாஸ் ஆனவர்களுக்கே அதிகம் வரும். சர்க்கரை மிகுந்த உணவு குடலுக்குள் ஒரேயடியாகப் போய் விழும்போது, உடல் அதை நீர்க்கச் செய்யத் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து, வியர்த்து, இதயம் அடித்துக்கொண்டு, பேதியாகும். படுத்து ஓய்வெடுத்தால் தணியும். இன்னொரு வகை, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை வேகமாக ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரையை ரொம்பத் தாழ்த்திவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். இது அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால் விபரீதம்.

மாத்திரைகள்: வாழ்நாள் முழுக்க

கசப்பான செய்தியை நேராகச் சொல்லிவிடலாம். வைட்டமின் மாத்திரைகள் ஒரு வருடத்தோடு முடிவதில்லை. மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாமே ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. அளவை உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு செய்யும்.

கால்சியம் பொதுவாக நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி.; உடல் ஒரே தடவையில் 500, 600-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது என்பதால் பிரித்துப் போடுங்கள். சிட்ரேட் வகை நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் அது சேரும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பி12 உடலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். அதனால்தான் மாத்திரையை நிறுத்தியவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. காலில் மரமரப்பும் ஞாபக மறதியும் பிற்பாடு வந்து நிற்கும். பி1 என்ற தயமின் இதற்கு நேரெதிர். சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் அது தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, புத்தி குழம்பும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு. விடாத வாந்தியை விட்டுவைக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளைக் கேட்காமல் தொடாதீர்கள்; பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பில் புண் வைத்துவிடும். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். புகைப்பதும் அதே புண்ணை வரவழைக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை எதையாவது எடுக்கிறீர்கள் என்றால், மாற்று உண்டா என்று கேளுங்கள். அவை சரியாக உள்ளே சேராது, பொடித்துச் சாப்பிடவும் கூடாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சில மாதமும், பித்தப்பையில் கல் வராமலிருக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆறு மாதமும் பலருக்குத் தருவார்கள். எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாவது அதிகம்.

வேலை, வண்டி, குளியல்

ஷவரில் குளிக்க ஓரிரு நாளில் அனுமதி கிடைக்கும். தொட்டியிலும் நீச்சல் குளத்திலும் இறங்குவது காயம் முழுக்க ஆறிய பிறகு. நாற்காலி வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம், உடல் உழைப்பு வேலைக்கு இன்னும் சில வாரம் வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம்வரை கனம் தூக்காதீர்கள், குழந்தையாக இருந்தாலும் சரி. வலுவான வலி மாத்திரை சாப்பிடும் நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. தூக்கத்தில் மூச்சுத் தடைக்குச் சிபாப் கருவி போடுகிறவர்கள், குறட்டை நின்றுவிட்டது என்று தாங்களாகவே கழற்றிவைக்க வேண்டாம். முகம் மெலிந்து மாஸ்க் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முடியும் மனசும்

முதல் சில வாரம் எடை சரசரவென்று இறங்கி, பிறகு திடீரென்று நின்றுவிடும். மூன்றாவது வாரத்தை ஒட்டி இது நடக்கும்போது, அறுவை தோற்றுவிட்டது என்று அழுபவர்கள் ஏராளம். ஆரம்பத்தில் இறங்கியதில் கணிசமான பங்கு உடலில் தேங்கியிருந்த தண்ணீர். உடல் நிதானித்துக்கொண்டு மறுபடி இறங்கும். வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்த்தால் போதும்.

மூன்றாவது நாலாவது மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். அறுவையின் அதிர்ச்சியிலும் வேகமான எடைக் குறைவிலும் நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் வருவது இது. வேர் சாவதில்லை, சில மாதத்தில் மறுபடி வளரும். புரதமும் இரும்பும் சரியாகப் போகின்றனவா என்று பாருங்கள். விலை உயர்ந்த எண்ணெய்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மனசுக்கு வருவோம். கவலை வந்தால் சாப்பிட்டே ஆறியவர்களுக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டுவிடுகிறது. வயிற்றுக்குப் பசியில்லை, மனசுக்குப் பசிக்கிறது. முதல் மாதத்தில் "எதற்கு இதைச் செய்துகொண்டேன்" என்று தோன்றாதவர்கள் குறைவு. பெரும்பாலும் அது கடந்துபோகும். கடக்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே தோன்றவில்லை என்றால் அதையும் காய்ச்சலைச் சொல்வதுபோல உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் சில உறவுகள் மாறும். உங்களோடு சேர்ந்து சாப்பிடுவதையே நெருக்கமாக வைத்திருந்தவர்களுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியாது. "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துபவரிடம் சண்டை போட வேண்டாம், "டாக்டர் திட்டுவார்" என்று பழியை அவர்மேல் போட்டுவிடுங்கள்.

ஒரு வருடமும் அதற்குப் பிறகும்

பெரும்பாலான எடை 12 முதல் 18 மாதத்துக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு சில கிலோ திரும்ப ஏறுவது இயல்பு. ஏறிக்கொண்டே போனால் கூச்சப்படாமல் டயட்டீஷியனைப் போய்ப் பாருங்கள். தொங்கும் தோலுக்கு அறுவை வேண்டுமென்றால், எடை ஓரிடத்தில் நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

எடை குறைந்ததும் மாதவிடாய் ஒழுங்காகி, கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராத வேகத்தில் கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மது வேகமாக ஏறும், முன்பைவிடக் கொஞ்சத்திலேயே போதை தலைக்கேறும். இரண்டாம் வருடத்திலிருந்து குடிக்கு அடிமையாவது அதிகரிப்பதும் கவனிக்கப்பட்ட விஷயம். முதல் வருடம் தொடவே தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. நன்றாக இருக்கிறோமே என்று விட்டுவிடுவது இதைத்தான்.

பைபாஸ் ஆனவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். எத்தனை வருடம் கழித்தாக இருந்தாலும், விட்டு விட்டு வரும் கடுமையான வயிற்று வலியை வாயு என்று ஒதுக்காதீர்கள். எடை குறைந்ததில் உள்ளே உண்டான இடைவெளியில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். அதற்கு ஸ்கேனும் அவசர அறுவையும் தேவைப்படும். அப்போது உங்களைப் பார்க்கும் டாக்டர் புதியவராகவும் இருக்கலாம். ஆகவே பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறுவை, எந்தத் தேதி, எந்த மாத்திரைகள் ஆகாது, சர்ஜனின் போன் எண் ஆகிய நாலும் அதில் இருந்தால் போதும்.